பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர்கள் அலமாரியிலேயே இருக்கின்றன: உடுத்தும்படி வடிவமைப்பது எப்படி?

நூற்கண்டு

எல்லோருக்கும் வணக்கம். பதினொரு வருடங்களாகப் பின்னுகிறேன். யாரோ எழுதிவைத்த குறிப்பைப் பார்த்து வரிசை பிசகாமல் பின்ன எனக்கு வரும். சொந்தமாக வடிவமைத்ததில்லை.

போன வாரம் அலமாரியை ஒழித்தபோது, வீட்டில் உள்ளவர்களுக்கு நான் பின்னிக் கொடுத்தவற்றை எல்லாம் எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். எட்டு உருப்படிகள். அவற்றில் ஆறு, அன்றைக்குத்தான் ஊசியிலிருந்து இறக்கியவை போல இருந்தன. முழங்கை தேயவில்லை, விளிம்பு தளரவில்லை, ஒரு பட்டன்கூட ஆடவில்லை. யாரும் உடுத்தவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. மனம் கனத்துப்போனது.

ஒவ்வொருவரிடமும் காரணம் கேட்டேன். ஐந்து மாதக் குழந்தைக்குத் தலை வழியாக மாட்டவே முடியவில்லை, வீறிட்டு அழுகிறாள். ஏழு வயதுப் பையனுக்குக் கை குட்டையாகிவிட்டது, உடம்புப் பகுதி இன்னும் சரியாகத்தான் இருக்கிறது. கணவருக்குக் கழுத்தின் முன்பக்கம் தொண்டையை அழுத்துகிறது. பாட்டிக்கு வயது 78. அவர் குறையே சொல்லவில்லை. "அழகாக இருக்கிறது, பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்றார். வற்புறுத்திப் போட்டுக் காட்டச் சொன்ன பிறகுதான் விளங்கியது. வலது கையை அவரால் தோளுக்கு மேல் தூக்க முடியாது. கழற்றும்போது ஸ்வெட்டர் முகத்தில் சிக்கி, மூக்குக்கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. உள்ளேயிருந்து "இரு, இரு" என்று அவர் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

இனிமேல் ஆளைப் பார்த்துப் பின்ன வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது? (ஊசியில் ஏறும் ஒவ்வொரு வளையத்தையும் நான் கண்ணி என்று எழுதுகிறேன். ஆளுக்கு ஒரு சொல் வைத்திருக்கிறோம், குழப்பம் வரக்கூடாது.)

வட்டஊசி

உங்கள் பாட்டியின் பதிலைப் படித்தபோது என் மாமியாரின் நினைவு வந்தது. பெரியவர்கள் குறை சொல்ல மாட்டார்கள், மடித்து வைத்துவிடுவார்கள்.

தொடங்கும் இடம் காகிதமும் இல்லை, நூலும் இல்லை. அந்த ஆள் இப்போது விரும்பிப் போடுகிற ஒரு பழைய சட்டையைக் கேட்டு வாங்குங்கள். தரையில் விரித்து அளவெடுங்கள். அக்குளிலிருந்து அக்குள் வரை, தோளின் உச்சியிலிருந்து கீழ் விளிம்பு வரை, கையின் நீளம், மணிக்கட்டின் அகலம். உடம்பை அளப்பதைவிட இது நம்பகமானது. எவ்வளவு தளர்வு தனக்குப் பிடிக்கும் என்பதை அந்தச் சட்டையே சொல்லிவிடும். பிறகு அவர் அதைப் போடுவதையும் கழற்றுவதையும் ஒருமுறை பக்கத்தில் இருந்து பாருங்கள். யார் துவைக்கிறார்கள், எப்படித் துவைக்கிறார்கள் என்று கேளுங்கள். பின்னல் மாதிரியும் நிறமும் அதற்குப் பிறகு.

உங்கள் கணவரின் தொண்டை விஷயம் எளிது. எளிய குறிப்புகளில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே உயரமாக இருக்கும். மனிதக் கழுத்து அப்படி இல்லை. பிடரி உயர்ந்தும் முன்பக்கம் தாழ்ந்தும் இருக்கிறது. உயரம் போதாத பின்பக்கம் கீழே இறங்க, முன்பக்கம் மேலேறித் தொண்டையைப் பிடிக்கிறது. பிடரிப் பகுதியில் மட்டும் குறை வரிசைகள் போடுங்கள், அதாவது வரிசையை முழுதாக முடிக்காமல் பாதியில் திரும்பி வாருங்கள். பெரியவர்களுக்கு 2 முதல் 3 செ.மீ. உயர்த்தினால் போதும், ஸ்வெட்டர் தோளில் அமைதியாக உட்கார்ந்துவிடும்.

எண்ணிப்பின்னு

அக்கா சொன்னதோடு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்கு என்றதும் பலர் ஓடிவிடுகிறார்கள், இதில் பெருக்கலும் வகுத்தலும் மட்டும்தான்.

முதலில் மாதிரித் துண்டு. குறைந்தது 15 செ.மீ. சதுரம் பின்னி, அந்த ஆடையை எப்படித் துவைப்பார்களோ அப்படியே துவைத்து, காய்ந்த பிறகு நடுவில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். 22 கண்ணி என்று நினைத்து 100 செ.மீ. சுற்றளவுக்கு 220 கண்ணி ஏற்றினீர்கள், உண்மையில் உங்கள் கைக்கு 20தான் வருகிறது என்றால் கிடைப்பது 110 செ.மீ. இரண்டே இரண்டு கண்ணி வித்தியாசம், ஒரு முழு அளவு மாறிப்போகிறது. வட்டமாகப் பின்னப் போகிறீர்கள் என்றால் மாதிரியையும் வட்டமாகவே பின்னுங்கள். பலருக்கு மறுகண்ணி வரிசை, அதாவது தட்டையாகப் பின்னும்போது திரும்பி வருகையில் நூலை முன்னால் வைத்துப் பின்னும் வரிசை, கொஞ்சம் தளர்ந்து வரும், தட்டையாகப் பின்னிய மாதிரி அதனால் ஏமாற்றும்.

அடுத்து விகிதம். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மன் (1910–1999) தந்த முறை இது. உடம்புச் சுற்றளவின் கண்ணிகளை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதன் சதவீதமாகக் கணக்கிடுவது. மார்பு 96, தளர்வு 8, மொத்தம் 104 செ.மீ.; ஒரு செ.மீ.க்கு 2 கண்ணி என்றால் 208. மணிக்கட்டுக்கு 20 சதவீதம், 42. மேல்கைக்கு 33 சதவீதம், ஏறக்குறைய 70. ஒவ்வொரு அக்குளிலும் ஒதுக்கி வைப்பது 8 சதவீதம், 16. கழுத்துக்கு 40 சதவீதம், 84. இந்த ஐந்து எண்கள் கையில் இருந்தால் எந்தத் தடிமன் நூலிலும் ஒரு ஸ்வெட்டர் பின்னிவிடலாம். எனக்கு அது முதன்முதலில் கைகூடிய நாளில் இரவு இரண்டு மணி வரை தூங்கவில்லை.

ஒரே எச்சரிக்கை: இது சராசரி உடம்புக்கான விகிதம். உங்கள் வீட்டில் கணவரைத் தவிர யாருக்கும் இதை அப்படியே வைக்க முடியாது.

நூற்கண்டு

மாதிரியைத் துவைத்துப் பார்த்தேன். துவைப்பதற்கு முன் 22, காய்ந்த பிறகு 20. உங்கள் உதாரணத்தில் இருந்த அதே எண்! இத்தனை வருடம் துவைக்காமலே எண்ணிக்கொண்டிருந்தேன். கணவரின் ஸ்வெட்டர் ஏன் "தொளதொள" என்று ஆனது என்பது இப்போது விளங்குகிறது.

விகிதம் குழந்தைகளுக்கு ஏன் பொருந்தாது?

தூளி

இதற்கு நான் பதில் சொல்கிறேன், இரண்டு பிள்ளைகளுக்கும் தங்கை பிள்ளைகளுக்கும் பின்னிய அனுபவத்தில்.

பிறக்கும்போது குழந்தையின் தலைச் சுற்றளவு மார்பைவிட ஏறக்குறைய 2 செ.மீ. பெரியது. ஒரு வயதுக்குள் இரண்டும் ஏறக்குறைய சமமாகின்றன. உங்கள் மகளுக்கு மார்பு 43 செ.மீ. என்று வைப்போம். தளர்வு 5 சேர்த்தால் 48. அதில் 40 சதவீதம் 19 செ.மீ. அந்த வளையத்துக்குள் 42 செ.மீ. தலையை நுழைத்தால் குழந்தை அழாமல் என்ன செய்யும்?

கைக்குழந்தைக்கு மூன்று வழிகள் நன்றாக அமைகின்றன. ஒரு தோளில் பட்டன் வைப்பது. முன்பக்கத் தோளும் பின்பக்கத் தோளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்படி அகலமாக விடுவது. குறுக்காகப் போர்த்திப் பக்கவாட்டில் கட்டுவது. எனக்குப் பிடித்தது இரண்டாவது. பட்டனே வேண்டாம். டயப்பர் கசிந்து ஆடை நனைந்துவிட்டால் தலை வழியாக இழுக்காமல் கால் வழியாகக் கீழே உருவிவிடலாம். இதை அனுபவித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பாதுகாப்பில் மட்டும் சமரசம் வேண்டாம். கழுத்திலும் தொப்பியிலும் கயிறு வைக்காதீர்கள். ஐரோப்பாவின் இஎன் 14682 தரவிதி, 7 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் ஆடையில் தலை, கழுத்துப் பகுதியில் இழுகயிறே கூடாது என்கிறது. வீட்டில் பின்னுவதை யாரும் வந்து சோதிக்கப் போவதில்லை, அதனாலேயே நாம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பட்டனை இழுத்துப் பார்த்துத் தையுங்கள், குஞ்சங்களைத் தவிருங்கள், மொஹேர் போல முடி உதிரும் நூல் வேண்டாம். இரண்டு நிறங்களில் பின்னும் கையுறையின் உட்புறத்தில் நீண்ட நூல்கள் குறுக்கே ஓடினால் பிஞ்சு விரல் அதில் சிக்கிச் சுற்றிக்கொள்ளும். வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்குக் குல்லாய் போடவே வேண்டாம். உடம்பின் சூடு வெளியேறும் முக்கியமான இடம் தலை.

கைத்தாங்கல்

பாட்டியைப் பற்றி நான் எழுதுகிறேன். முதியோரைப் பராமரிப்பதுதான் என் வேலை. ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு உடை மாற்றுகிறேன். அன்போடு பின்னி அனுப்பிய எத்தனையோ ஸ்வெட்டர்களை, போட முடியாது என்று தெரிந்தும் அவர்கள் மனம் நோகாமல் இருக்க ஒருமுறை தோளில் போர்த்திக் காட்டிவிட்டு மடித்து வைத்திருக்கிறேன்.

எங்கள் வேலையில் முதலில் கற்றுக்கொடுப்பது இது: உடுத்தும்போது முடியாத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும். பாட்டிக்கு வலது கை முதலில், இடது கை பிறகு. இதற்கு ஆடை முழுக்க முன்பக்கம் திறக்க வேண்டும். தலை வழியாகப் போடுவது எதுவும் அவருக்கு ஆகாது. கையும் அக்குளும் தாராளமாக இருக்க வேண்டும். இரண்டாவது கையைப் பின்னுக்குக் கொண்டுபோய்த் தேடாமல் நுழைக்க அந்தத் தாராளம்தான் உதவும். மேல்கைக்கு விகிதம் 33 சதவீதம் என்றால் பாட்டிக்கு 40 வையுங்கள். கழுத்திலிருந்து அக்குள் வரை சரிவாக ஓடும் ராக்லன் கை நல்ல தேர்வு. 1815இல் வாட்டர்லூ போரில் வலது கையை இழந்த ராக்லன் பிரபுவின் பெயர்தான் அதற்கு வந்தது. தோளில் ஒட்டிய தையல் இல்லாததால் கை எந்தப் பக்கம் திரும்பினாலும் துணி இழுக்காது.

பட்டன் பெரிதாக, தட்டையாக, 2.5 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். துணியோடு ஒட்டித் தைக்காமல் அடியில் நூலைச் சுற்றிச் சிறு தண்டு விடுங்கள், மரத்துப்போன விரலுக்கும் பிடி கிடைக்கும். காந்த பட்டன் சுலபம் என்று பலர் சொல்வார்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு மார்புக்கு நேரே காந்தம் வைக்கவே கூடாது.

நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு அளவே வேறு. உட்கார்ந்தால் முன்பக்கம் மடியில் சுருண்டு குவியும், பின்பக்கம் மேலேறி இடுப்பு தெரியும். அவர்களை உட்காரவைத்தே அளவெடுங்கள். முன்பக்கத்தைக் குறைத்து, பின்பக்கத்தைக் குறை வரிசைகளால் 5 செ.மீ. போல நீட்டுங்கள். முதுகில் முறுக்குப் பின்னலும் முடிச்சுப் பின்னலும் வேண்டாம். மெலிந்த தோலில் அந்த மேடுகள் மணிக்கணக்கில் அழுத்தினால் புண் வரும். அலங்காரத்தை எல்லாம் முன்பக்கம் வையுங்கள். அவர்களும் பார்த்து மகிழலாம்.

கால் வீங்குபவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் காலுறையின் மேல் விளிம்பு தடம் பதிக்கக் கூடாது. விரல் நுனியில் தையல் மேடு இருக்கக் கூடாது. இரண்டு பக்கக் கண்ணிகளையும் ஊசிநூலால் ஒன்றோடொன்று கோத்து முடியுங்கள். சக்கர நாற்காலிக்காரர்களுக்கு மடிப்போர்வை பின்னினால் அது முழங்காலுக்குக் கீழே கொஞ்சம் வந்தால் போதும். தரையைத் தொடும் போர்வை சக்கரத்தில் மாட்டும்.

செம்மறி

நல்ல பதிவு. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: இவ்வளவு யோசித்துப் பின்னுவதை அக்ரிலிக் என்ற செயற்கை நூலில் பின்னாதீர்கள். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீத ஈரத்தை உறிஞ்சிய பிறகும் ஈரமாகத் தெரியாது. சுலபத்தில் தீப்பற்றாது. இழுத்தால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். அக்ரிலிக் தீயில் உருகி ஒட்டும்.

கைத்தாங்கல்

செம்மறி ஐயா, நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் முதியோர் இல்லத்தில் எல்லோருடைய துணியும் ஒன்றாகச் சுடுநீரில் மெஷினில் போகும். சூடும் ஈரமும் குலுக்கலும் சேர்ந்தால் கம்பளி இழைகளின் செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஆடை இறுகிவிடும், பிறகு அதை மீட்க முடியாது. ஒருமுறை ஒரு மகள் பின்னி அனுப்பிய சாம்பல் நிறக் கார்டிகன் (முன்பக்கம் திறக்கும் ஸ்வெட்டர்) துவைத்து வந்தபோது என் முழங்கை அளவுக்கு இருந்தது. அந்த அம்மா அதைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். அதன்பிறகு யார் கேட்டாலும் "துவைப்பவரைப் பார்த்து நூலைத் தேர்ந்தெடுங்கள்" என்றுதான் சொல்கிறேன்.

எண்ணிப்பின்னு

இடையில் ஒரு வழி இருக்கிறது: மெஷினில் துவைக்கத் தக்க சூப்பர்வாஷ் கம்பளி. செதில்களைப் பதப்படுத்தி மேலே மெல்லிய பூச்சு கொடுத்திருப்பார்கள். ஆனால் ஈரத்தில் நன்றாக நீளும். மாதிரித் துண்டைத் துவைக்காமல் இந்த நூலில் இறங்கவே கூடாது. காலுறைக்கு 75 சதவீதம் கம்பளியும் 25 சதவீதம் நைலானும் கலந்த நூல் குதிகாலில் தாக்குப்பிடிக்கும். பருத்தி குளிர்ச்சியானது, ஆனால் கனம். பெரிய ஆடையாகப் பின்னினால் தன் பாரத்தில் தானே தொங்கும். சின்ன உருப்படிகளுக்கு மிக நன்று. அக்ரிலிக்கை இஸ்திரி போட்டுவிடாதீர்கள், சூட்டில் துவண்டு உயிர்ப்பை இழந்துவிடும்.

செம்மறி

கைத்தாங்கல் சொன்ன கார்டிகன் கதைக்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டில் கையால் துவைக்கிறவர்களுக்குக் கம்பளி என்று என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன்.

வட்டஊசி

ஏழு வயதுப் பையனை எல்லோரும் மறந்துவிட்டோம். பொதுவான அளவு அட்டவணைகளைப் பாருங்கள்: 2 வயதில் மார்பு 53, கை நீளம் அக்குள் வரை 21.5 செ.மீ. 6 வயதில் மார்பு 63.5, கை 29. மார்பு ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது, கையோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீள்கிறது. உடம்பு சரியாக இருந்து கை குட்டையாவது உங்கள் பின்னலின் குற்றமில்லை. பிள்ளைகள் அப்படித்தான் வளர்கிறார்கள்.

அதனால் கையைத் தோளிலிருந்து மணிக்கட்டு நோக்கிப் பின்னுங்கள். பின்னலை முடித்த விளிம்பிலிருந்து பிரித்தால் நூல் சரசரவென்று வரும். ஏற்றிய விளிம்பிலிருந்து பிரிக்கப் போனால், குறிப்பாக ரிப் பின்னலில் (விளிம்புக்குப் போடும், இழுத்தால் விரியும் வரிப் பின்னல்), ஒவ்வொரு கண்ணியிலும் சிக்கும். மணிக்கட்டிலிருந்து தொடங்கிய கையை நீட்டுவது பெரும் பாடு. தோளிலிருந்து இறங்கிய கைக்கு ரிப்பை மட்டும் பிரித்து 4 செ.மீ. கூட்டிவிட்டு மறுபடி முடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். பிரிட்டிஷ் கடலோர மீனவர்களின் 'கான்ஸி' ஸ்வெட்டர்களில் கையை இப்படித்தான் இறக்கினார்கள், வலையிலும் கயிற்றிலும் உரசித் தேய்ந்த மணிக்கட்டை வெட்டிவிட்டுப் புதிதாகப் பின்னுவதற்காக. அக்குளில் ஒரு சாய்சதுரத் துண்டும் வைப்பார்கள், கையைத் தூக்கினால் ஆடை முழுதும் மேலேறாமல் இருக்க. ஓடியாடும் பையனுக்கும் அது பொருந்தும்.

மிச்ச நூலைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு சின்னச் சுருளைப் பக்கத் தையலின் உட்புறத்தில் தைத்துவிடுங்கள். ஆடையோடு சேர்ந்து அதுவும் துவைபட்டு வெளிறும், ஒட்டுப்போடும்போது நிறம் பொருந்தும்.

தூளி

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு என் ஒரே யோசனை: பின்னுவதற்கு முன் நிறத்தை அவர்களையே தேர்ந்தெடுக்க விடுங்கள். விரல் நுனி திறந்த கையுறை என்றால் மறுக்காமல் போடுகிறார்கள், போனைத் தொட வசதி.

நூற்கண்டு

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். முதலில் பாட்டியினுடையதை எடுத்தேன்.

மார்பு 94, தளர்வு 14. கழுத்திலிருந்து கீழே இறங்கும் ராக்லன் கார்டிகன். 216 கண்ணி, மேல்கை 86. அவரை நாற்காலியில் உட்காரவைத்து அளந்தேன். பின்பக்கம் 5 செ.மீ. நீளம். கையால்தான் துவைப்போம் என்பதால் மென்மையான கம்பளி. பட்டன் பட்டிக்கு நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி வீதம் எடுத்ததால் அலை அலையாக நெளியாமல் நேராக விழுந்தது. காஜா ஐந்து. கடைசிக் காஜாவைக் கீழ் விளிம்புக்கு 8 செ.மீ. மேலே வைத்தேன், உட்காரும்போது இழுக்காமல் இருக்க.

முதல் நாள் நான் உதவிக்குப் போனேன். "தள்ளி நில்" என்றார். வலது கையை நுழைத்தார். முதுகுப் பகுதியை இடது கையால் பிடித்துச் சுற்றிக் கொண்டுவந்தார். அகலமான அந்தக் கைக்குள் இடது கை தானாக இறங்கியது. ஐந்து பட்டனையும் கண்ணாடி இல்லாமல் தடவியே போட்டார். எழுந்துபோய் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார், என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

தினமும் போடுகிறார். இரண்டு சிக்கல்கள் வந்திருக்கின்றன. முன்பக்கப் பையில் கண்ணாடிக் கூடு, கைக்குட்டை, மாத்திரை அட்டை எல்லாம் வைக்கிறார், பை தொங்கிவிட்டது. இன்னொன்று, நாற்காலிக் கையில் ஊன்றி எழுவதால் இடது முழங்கையில் நூல் உருண்டு, கண்ணிகள் மெலிந்து தெரிகின்றன. என்ன செய்யலாம்?

வட்டஊசி

பையின் உள்ளே பருத்தித் துணியால் இன்னொரு பை தையுங்கள். அதன் ஒரு பக்கத்தைப் பட்டன் பட்டியின் உட்புறத்தோடு சேர்த்துவிடுங்கள், பாரத்தைப் பட்டி தாங்கும். பின்னல் வெறும் முகப்பாக இருக்கட்டும்.

முழங்கைக்கு ஓட்டை விழும் வரை காத்திருக்காதீர்கள். தையலுக்குள் வைத்த சுருளை எடுத்து, மெலிந்த ஒவ்வொரு கண்ணியின் மேலும் அதே வழியில் ஊசிநூலை ஓட்டி இரட்டைக் கண்ணியாக்குங்கள். மெலிந்த இடத்தைத் தாண்டிச் சுற்றிலும் இரண்டு கண்ணி நல்ல பகுதியிலும் ஏறட்டும்.

நூற்கண்டு

சுருள் இருக்கிறது, கொஞ்சம் வெளிறியும் இருக்கிறது. பாட்டி தூங்கிய பிறகு இன்றிரவு எடுக்கிறேன். பகலில் கழற்றித் தர மாட்டார்.